ஏடிஹெச்டி இருக்கறவங்க கோவத்த எப்படி புரிஞ்சுக்கறது, எப்படி சமாளிக்கிறது

ஏடிஹெச்டின்னா கவனம் நிக்காது, ஒரு இடத்துல உக்கார மாட்டாங்கன்னு மட்டும்தான் நிறைய பேருக்கு தெரியும், ஆனா கூட இருக்கறவங்கள நிஜமா திணறடிக்கிறது அந்த கோவம்தான். சுள்ளுனு வரும், கத்துவாங்க, கதவ டமால்னு சாத்துவாங்க, கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து "அண்ணி, டீ இருக்கா"ம்பாங்க. இத திமிருன்னோ வளப்பு சரியில்லன்னோ தயவுசெஞ்சு சொல்லாதீங்க. வர்ற உணர்ச்சிய ஒரு நொடி நிறுத்தி யோசிக்க வைக்கிறது மூளையோட முன்பகுதி, ஏடிஹெச்டில அந்த நிறுத்துற வேல சரியா நடக்கறதில்ல, அதனால கோவத்துக்கும் வாய்க்கும் நடுவுல இடைவெளியே இருக்காது.

அந்த உச்சத்துல புத்தி சொன்னா ஏறாது. நாம செய்ய வேண்டியது முன்னாடியும் பின்னாடியும்தான்.

எப்பெப்போ வருதுன்னு ஒரு வாரம் நோட்ல குறிச்சு பாருங்க. பசி, தூக்கமில்லாதது, வெயில், கூட்டம், மூழ்கி வேல செய்யறப்ப நடுவுல கூப்பிடறது, பெரும்பாலும் இதுலதான் வந்து நிக்கும். மே மாசம் மத்தியானம் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல ஹாரன் சத்தத்துல நின்னுட்டு சாப்பிடாம வர்ற புள்ளகிட்ட வாசல்லயே "கரண்ட் பில்லு கட்டுனியா"ன்னு கேட்டா வேற என்ன நடக்கும், சோறு போட்டு ஃபேனுக்கு கீழ கொஞ்ச நேரம் விட்டுட்டு கேளுங்க, ஒழுங்கா பதில் வரும். கம்ப்யூட்டர்ல இருந்தா "பத்து நிமிஷத்துல சாப்பாடு"ன்னு கிட்ட போய் சொல்லுங்க, அடுப்படில இருந்து கத்தறது அவங்க காதுல விழாது.

ஏடிஹெச்டி உங்களுக்குன்னா, தாடை இறுகறது, காது சூடாகறதுன்னு உடம்பு முன்னாடியே சொல்லிடும், கவனிச்சு பழகுங்க. அப்போ "அர மணி நேரத்துல வரேன்"னு சொல்லிட்டு கெளம்பிடுங்க, நேரம் சொல்றது முக்கியம், வீட்ல இருக்கறவங்களும் பின்னாடியே பேசிக்கிட்டு வரக்கூடாதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. பைக்க மட்டும் தொடாதீங்க, அந்த நெலமைல ஈசிஆர்ல போறது உயிருக்கே ஆபத்து. நடங்க. பாண்டில சாயங்காலத்துக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க, கடலூர்னா தேவனாம்பட்டினம் பீச் இருக்கு.

ஆறுனதும் பேசுங்க, அன்னைக்கே. சின்ன வயசுல இருந்து திட்டு வாங்கியே வளந்தவங்க, "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா மறுபடி வெடிக்கும், நடந்த ஒரு விஷயத்த மட்டும் எடுங்க. ஆனா கை ஓங்கறதுக்கு ஏடிஹெச்டிய காரணமா ஏத்துக்கவே கூடாது, அங்க மொதல்ல மத்தவங்க பாதுகாப்புதான்.

ஏடிஹெச்டிக்கு குடுக்கற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடறவங்க சிலருக்கு மருந்தோட வேகம் கொறையற நேரத்துல எரிச்சல் கூடும், நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸையோ நேரத்தையோ மாத்திப் பாப்பாங்க. பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரில சைக்கியாட்ரி, அதாவது மனநல பிரிவு இருக்கு, போறப்ப அந்த நோட்ட கையோட எடுத்துட்டு போங்க. உடனே யார்கிட்டயாவது பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கெடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.