அமைடு கப்ளிங்: முதல் தடவை செய்பவர்களுக்கு

ப்ராஜெக்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் இருக்கும்: அமிலத்தையும் அமீனையும் கலந்தால் அமைடு வந்துவிடாதா? வராது. சாதாரண வெப்பநிலையில் அமிலம் தன் புரோட்டானை அமீனுக்குக் கொடுத்துவிட்டு உப்பாக உட்கார்ந்துவிடும். அந்த உப்பை 160, 180 டிகிரி என்று சூடேற்றினால்தான் தண்ணீர் வெளியேறும், அதற்குள் நம் மூலக்கூறில் உள்ள மற்ற குழுக்கள் என்ன கதி ஆகுமோ. ஆகவே அமிலத்தின் ஓஎச்சை லேசாகக் கழன்று போகக்கூடிய ஒன்றாக முதலில் மாற்ற வேண்டும். அமிலத்தையும் அமீனையும் இணைக்கிற இந்த வினைதான் கப்ளிங், அதற்கான கப்ளிங் ரீஏஜென்ட் செய்கிற வேலை அவ்வளவுதான்.

எதை எடுப்பது? 1955-இல் ஷீஹனும் ஹெஸ்ஸும் பெப்டைடுக்குக் கொண்டுவந்த டிசிசி (டைசைக்ளோஹெக்சைல்கார்போடைஇமைடு) மலிவு, ஆனால் அதன் உருகுநிலை 34-35 டிகிரி. புத்தகத்தில் 'வெள்ளைத் திண்மம்' என்றிருக்கும், சென்னையில் ஏப்ரல் மாதம் ஏசி இல்லாத அறையில் பாட்டிலைத் திறந்தால் உள்ளே திரவம் இருக்கும். அதில் துணைப்பொருளாக வரும் யூரியாவும் எத்தனை தடவை வடிகட்டினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே என்எம்ஆர் (பொருளின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) வரை வரும். 1993-இல் கார்பினோ அறிமுகப்படுத்திய எச்ஏடியூ என்ற ரீஏஜென்ட் வேகமானது, விலையும் அதற்கேற்ப. என்னைக் கேட்டால் முதலில் ஈடிசி (டிசிசி போலவே ஒரு கார்போடைஇமைடு), கூடவே எச்ஓபிடி (ஹைட்ராக்சிபென்சோட்ரையசோல்). ஈடிசியின் யூரியா அமிலத் தண்ணீரில் கரைந்து போய்விடும், காலம் குரோமடோகிராஃபி போடாமலே சுத்தமான பொருள் கிடைக்கும்.

எச்ஓபிடி எதற்கு? ஈடிசி அமிலத்தோடு சேர்ந்து உருவாகும் இடைப்பொருளைச் சும்மா விட்டால் தனக்குள்ளேயே இடம் மாறி, அமீனோடு வினைபுரியாத என்-அசைல்யூரியாவாகிவிடும். எச்ஓபிடி அதற்குள் புகுந்து அதை அமீனோடு எளிதில் வினைபுரியும் ஆக்டிவ் எஸ்டராக்கிவிடுகிறது. அமினோ அமிலங்களில் ரேசிமைசேஷனும் (இடக்கை, வலக்கை வடிவங்கள் கலந்துபோவதும்) குறையும். உலர்ந்த எச்ஓபிடி வெடிக்கக்கூடியது, அதனால்தான் ஹைட்ரேட்டாக விற்கிறார்கள். அதை உலர்த்திப் பார்க்கும் வேலை வேண்டாம்.

சரி, பென்சாயிக் அமிலமும் பென்சைலமீனும் எடுத்துக்கொள்வோம். ஈடிசியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். தரமணி, அடையாறு பக்கத்துக் காற்றில் இருக்கிற ஈரம் அத்தனையும் குளிர்ந்த பொடிமேல் படிந்து, ஒரு மாதத்தில் கட்டியாகிவிடும். பாட்டில் அறை வெப்பநிலைக்கு வந்து, வெளியே வியர்ப்பது நின்ற பிறகு திறங்கள். எடை போடுவது ஃப்யூம் ஹூடுக்குள், கையுறையோடு: ஈடிசி, டிசிசி, எச்ஏடியூ எல்லாமே அலர்ஜியை உண்டாக்கும், திரும்பத் திரும்பப் பட்டால் மூச்சுத் திணறல்வரை போகலாம்.

25 மில்லி ஆர்பி (உருண்டை அடி) ஃப்ளாஸ்கில் பென்சாயிக் அமிலம் 244 மில்லிகிராம் (2 மில்லிமோல்), எச்ஓபிடி ஹைட்ரேட் 367 மில்லிகிராம், டிசிஎம் (டைகுளோரோமீத்தேன்) 10 மில்லி. ஐஸ் பாத்தில் வைத்துக் கலக்கிக்கொண்டே டிரைஎத்திலமீன் 0.7 மில்லி, பிறகு ஈடிசி ஹைட்ரோகுளோரைடு 460 மில்லிகிராம். கால் மணி நேரம் பொறுங்கள். அப்புறம்தான் பென்சைலமீன் 0.24 மில்லி, சொட்டுச் சொட்டாக. ஐஸை எடுத்துவிட்டு இரவு முழுக்க ஓடவிடலாம், முன்பே முடிந்தாலும் முடியும், டிஎல்சி (மெல்லடுக்கு குரோமடோகிராஃபி) சொல்லும்: ஹெக்சேனில் 30 சதவீதம் ஈத்தைல் அசிடேட், யூவியில் புதிதாக ஒரு புள்ளி. அமீன் மிச்சம் இருக்கிறதா என்று நின்ஹைட்ரின் தெளித்துப் பாருங்கள்.

இனி ஒர்க்அப், அதாவது பொருளைக் கழுவிப் பிரித்தெடுப்பது. இதில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள். இன்னும் 20 மில்லி டிசிஎம் சேர்த்து, 1 நார்மல் எச்சிஎல்லால் இரண்டு தடவை கழுவினால் மிச்ச அமீன், டிரைஎத்திலமீன், ஈடிசியின் யூரியா மூன்றும் மேலே தண்ணீரில் போய்விடும் (டிசிஎம் கனமானது, உங்கள் பொருள் கீழ் அடுக்கில்). அடுத்து நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட், இதில் மிச்ச அமிலமும் எச்ஓபிடியும் போகும். இந்த இடத்தில் கவனம். பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வரும், டிசிஎம்மோ 40 டிகிரியிலேயே கொதிப்பது, மே மாத மத்தியானத்தில் அது ஏற்கெனவே கொதிக்கத் தயாராகத்தான் இருக்கும். செபரேட்டிங் ஃபனலை முதலில் மூடாமல் சுழற்றுங்கள், நுரை அடங்கியதும் மூடி, ஒரு குலுக்கலுக்கு ஒரு தடவை குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். நைட்ரைல் கையுறையில் டிசிஎம் கொட்டினால் உடனே மாற்றிவிடுங்கள், அது ஊடுருவ அதிக நேரம் எடுக்காது. கடைசியாக உப்புக் கரைசல், சோடியம் சல்ஃபேட், வடிகட்டி ரோட்டாவாப்பில் கரைப்பானை ஆவியாக்குவது.

முழுதாக வந்தால் 422 மில்லிகிராம். எத்தனாலும் தண்ணீரும் கலந்து மறுபடிகமாக்கினால் வெள்ளைப் படிகம், 105 டிகிரியை ஒட்டி உருகும். என்எம்ஆரில் (சிடிசிஎல்3) 4.6 பிபிஎம் அருகே சிஎச்2 இரட்டையாகப் பிரிந்து தெரிந்தால் பக்கத்து என்எச்சோடு ஸ்பின் கப்ளிங் ஆகியிருக்கிறது, அதாவது அமைடுதான்.

அனிலீனில் நைட்ரோ போன்ற குழு இருந்தாலோ, அமீன் நெருக்கடியான இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாலோ ஈடிசி திணறும். அப்போது எச்ஏடியூவுக்குப் போங்கள், டிஎம்எஃப் கரைப்பானில், டிஐபிஇஏ என்ற பேஸோடு. வரிசை மட்டும் மாறக் கூடாது: அமிலம், பேஸ், எச்ஏடியூ, ஐந்து நிமிடம் கழித்து அமீன். அமீன் முதலில் இருந்தால் எச்ஏடியூ அதையே பிடித்து குவானிடீனாக்கிவிடும். அளவு பெரிதானால் ஈத்தைல் அசிடேட்டில் 50 சதவீதக் கரைசலாக வரும் டி3பி என்ற கப்ளிங் ரீஏஜென்ட் நல்லது, அதன் மிச்சம் முழுக்கத் தண்ணீரில் போய்விடும்.