மொழிப் பாடத்திட்டத் தேர்வு: எங்கே இதம் வேண்டும், எங்கே கூடாது

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரில் பலர் முதலில் திகைத்து நிற்கும் இடம் ஆங்கில மொழிப் பாடம். வாசிப்பு, ஸ்பெல்லிங், கையெழுத்து, இலக்கணம், கட்டுரை எல்லாமே 'லாங்குவேஜ் ஆர்ட்ஸ்' என்ற ஒரே பெயருக்குள் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு பதிப்பகமும் அவற்றைத் தனக்குப் பிடித்த விகிதத்தில் கலந்து தருகிறது. இவற்றுள் 'ஜென்டில்' (இதமான) என்ற அடைமொழியோடு வரும் பாடத்திட்டங்களை அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் வாங்குகின்றன. குறுகிய பாடங்கள், கண்ணுக்கு இனிய ஓவியங்கள், குறைவான பயிற்சித்தாள்கள் என்று அவை பிள்ளைக்கு இதமாக இருக்க முயல்வது நல்லதுதான். ஆனால் அந்த இதம் எந்தப் பகுதியில் காட்டப்பட்டிருக்கிறது என்று பாராமல் வாங்கிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

இந்த வகைப் பாடத்திட்டங்களில் பல, சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் முறையை அடியொற்றியவை. வட இங்கிலாந்தின் ஆம்பிள்சைட் ஊரில் ஆசிரியப் பயிற்சி நிலையம் நடத்திய அவர், ஆறு வயதுக்கு முன் முறையான பாடம் வேண்டாம் என்றும், சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொன்னார். இவ்விரண்டையும் விளம்பரங்கள் மறக்காமல் எடுத்துச் சொல்கின்றன. கதையை ஒரே ஒரு முறைதான் வாசிக்க வேண்டும், கேட்ட பிள்ளை அதைத் தன் சொற்களில் முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவர் வைத்திருந்த கண்டிப்பை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. பாட நேரத்தைச் சுருக்கிய அவர், பிள்ளையிடம் எதிர்பார்த்ததைச் சுருக்கவில்லை. ஆகவே 'இதமான' பாடத்திட்டம் என்றால் எளிதான பாடத்திட்டம் என்று எண்ணி வாங்குவது முதல் தவறு.

தேர்வில் நேரும் தவறுகள் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிப்பது, எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் ஃபோனிக்ஸ் பாடத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடும் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. நிறையக் கதை வாசித்துக் காட்டினால் பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கிவிடும் என்பது சில பிள்ளைகளுக்குப் பலிக்கும்; பலருக்குப் பலிக்காது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் வேண்டுகோளின்படி அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, ஒழுங்கான வரிசையில் நேரடியாகக் கற்பிக்கப்படும் ஃபோனிக்ஸ், அப்படிக் கற்பிக்காத முறைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தது. எனவே வாங்குவதற்கு முன், பதிப்பகம் தன் தளத்தில் வைத்திருக்கும் மாதிரிப் பாடங்களைத் திறந்து இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம்.

முதலாவது, பிள்ளை வாசிக்க வேண்டிய வரிகளில் உள்ள சொற்கள் அதுவரை கற்பித்த ஒலிகளால் மட்டும் ஆனவையா என்று பார்ப்பது. இரண்டாம் வாரத்திலேயே 'லைட்' என்ற சொல் வந்து, ஐ, ஜி, ஹெச் மூன்றும் சேர்ந்து ஒரே ஒலியைத் தருவது பற்றி அதற்கு முன் எங்கும் சொல்லப்படவில்லை என்றால், பிள்ளை அச்சொல்லை வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்கிறது. இரண்டாவது, படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்வது. பக்கத்தில் 'போனி' (மட்டக்குதிரை) என்று அச்சாகியிருக்க, மேலே உள்ள படத்தைப் பார்த்துப் பிள்ளை 'ஹார்ஸ்' என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் சரியாகத்தானே இருக்கிறது என்று அதைப் பாராட்டச் சொல்லும் ஆசிரியர் கையேடும் உண்டு. அப்படிப்பட்ட கையேட்டைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. படம் குறைந்த, சொற்கள் நீண்ட பக்கங்களுக்கு வரும்போது இப்படி ஊகித்துப் பழகிய பிள்ளைதான் திணறுகிறது.

தமிழ்ப் பெற்றோர் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் 'சி-ஏ-டி கேட்' என்று எழுத்தின் பெயர்களை ஒப்பித்து ஆங்கிலம் படித்தவர்கள். பழக்கத்தால் பிள்ளைக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம். எழுத்தின் ஒலியைச் சொல்லும்போதும் 'ம' என்று உயிரைச் சேர்த்துச் சொன்னால், பிள்ளை 'மேட்' என்ற சொல்லை 'ம-ஏ-ட' என்று நீட்டிக்கொண்டு போய் எங்கும் சேராமல் நின்றுவிடும். புள்ளி வைத்த மெய்யை அறிந்த நமக்கு 'ம்', 'ஸ்', 'ட்' என்று உயிர் நீக்கி ஒலித்துக் காட்டுவது கடினமன்று. ஒலிகளைப் பேசிக் காட்டும் வீடியோவோ ஒலிப்பதிவோ உள்ள பாடத்திட்டமாக இருந்தால் பெற்றோரின் உச்சரிப்புத் தயக்கமும் தீரும்.

அடுத்த தவறு, எல்லாப் பகுதிகளும் ஒன்றாகக் கட்டிய தொகுப்பை வயதைப் பார்த்து வாங்குவது. ஏழு வயதுப் பிள்ளை மூன்றாம் வகுப்பு நூலைச் சரளமாக வாசிக்கலாம். பென்சில் பிடித்து இரண்டு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழவும் செய்யலாம். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த எளிய சூத்திரம் இங்கே பயன்படும்: எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளை சொற்களைப் பிழையின்றி ஒலித்துவிட்டு, பொருள் தெரியாமல் அடுத்த பக்கம் திருப்புவது நடக்கக்கூடியதே. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது உயர்ந்த வகுப்பின் ஃபோனிக்ஸ் அன்று, உரக்க வாசித்துக் காட்டலும் பேச்சும். பிள்ளை எந்த நிலையில் தொடங்கலாம் என்று காட்டும் பிளேஸ்மென்ட் டெஸ்டைப் பகுதி பகுதியாக வைத்துப் பார்த்து, வாசிப்பை ஒரு நிலையிலும் எழுத்தை வேறு நிலையிலும் வாங்க அனுமதிக்கும் பதிப்பகங்களைத் தேடுவது நல்லது.

பாடத்திட்டம் நன்றாக இருந்தும் அதை நடத்தும் முறையில் சில பிழைகள் நேர்கின்றன. திருப்பிச் சொல்லும் பயிற்சியைக் கேள்வி-பதிலாக மாற்றிவிடுவது அவற்றில் ஒன்று. நரி என்ன கேட்டது, காகம் என்ன செய்தது என்று அடுக்கினால், கதையைத் தானே கோத்துச் சொல்லும் வேலை பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. நடுவே நிறுத்தி ஆங்கிலப் பிழை திருத்துவது இன்னும் மோசம். தொடக்கத்தில் தமிழிலேயே சொல்லட்டும். ஈசாப்பின் காகம் வாயிலிருந்து பாலாடைக்கட்டியை நழுவவிட்ட கதையைக் கேட்டுவிட்டு, "காக்கா பாடுச்சு, வடை கீழ விழுந்துடுச்சு" என்று பிள்ளை முடித்தாலும் நிகழ்ச்சிகளின் வரிசை சரியாகத்தான் இருக்கிறது. (வடையைப் பாலாடைக்கட்டியாகத் திருத்த நினைக்கும் பெற்றோர் கொஞ்சம் பொறுக்கலாம்.) அதே போல, சொல்வதெழுதுதலைத் திடீர்ப் பரீட்சையாக நடத்துவதும் தவறு. மேசனின் முறையில் பிள்ளை பத்தியை முதலில் உற்றுப் பார்த்து, தடுமாறும் சொற்களை மனத்தில் பதித்துக்கொண்ட பிறகே எழுதும். அழகான மேற்கோள்களைப் பார்த்து எழுதுவது மட்டுமே ஸ்பெல்லிங் பாடம் என்று சொல்லும் தொகுப்புகளில் கையெழுத்து திருந்தும். ஸ்பெல்லிங்குக்குத் தனிப் பாடம் சேர்க்க வேண்டியிருக்கும்.

வாசிப்புப் பகுதிகளின் உள்ளடக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஹோம்ஸ்கூலிங் பதிப்பகங்களில் கணிசமானவை கிறித்தவக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுபவை. பார்த்தெழுதும் வரிகள் விவிலிய வசனங்களாக இருக்கலாம். அது சில வீடுகளுக்கு உவப்பானது, சில வீடுகளுக்கு ஒவ்வாதது. ஆனால் அது பணம் கட்டிய பின் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அன்று. காப்புரிமை முடிந்து இலவசமாகக் கிடைக்கும் நூறாண்டுப் பழைய பாட நூல்களில், மற்ற நாட்டவரையும் இனத்தவரையும் பற்றிய அக்காலத்து இழிசொற்கள் இருப்பதுண்டு.

வாழும் மாநிலத்தின் சட்டத்தைப் பாராமல் வாங்குவதும் பின்னால் சங்கடம் தரும். வீட்டுவழிக் கல்வி 50 மாநிலங்களிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, விதிகள்தாம் வேறுபடுகின்றன. டெக்சஸ் அரசுக்கு அறிவிப்புக்கூடக் கேட்பதில்லை, ஆயினும் வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம் மூன்றையும் கற்பிக்க வேண்டும் என்கிறது. நியூயார்க்கில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் தர வேண்டும். முதல் ஆறு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணி நேரம் கற்பிக்க வேண்டும். வாசிப்பும் ஸ்பெல்லிங்கும் எழுத்தும் தனித்தனிப் பாடங்களாகவே பட்டியலில் உள்ளன. பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைக் கோப்பாகச் சேர்த்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும், 3, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வும் உண்டு. வாய்மொழியாகவே நடக்கும் பாடத்திட்டத்தைப் பென்சில்வேனியாவில் பின்பற்றுபவர்கள், வாரம் ஒரு நாளாவது பிள்ளை சொன்னதைத் தாமே எழுதித் தேதியிட்டு வைத்துக்கொண்டால் ஆண்டு முடிவில் அலைய வேண்டியிருக்காது.

'பிள்ளை தயாராகும்போது தானே வரும்' என்று காத்திருப்பதைத்தான் அதிகக் கவனத்தோடு அணுக வேண்டும். ஐந்து வயதில் இந்தப் பொறுமை சரியானது. ஏழெட்டு வயதில், முறையான ஃபோனிக்ஸ் பாடம் மாதக்கணக்கில் நடந்த பிறகும் நேற்றுப் படித்த ஒலி இன்று நினைவில் இல்லை, ஒரே ஒலியில் முடியும் சொற்களைப் பிடிக்க முடியவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்திருக்கிறது என்றால், பொறுமை பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது. டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) இருக்கக்கூடுமா என்று மதிப்பிடும்படி, அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டத்திடம் எழுத்துவழி கேட்கலாம். கூட்டாட்சிச் சட்டப்படி மாவட்டம் செய்யும் அந்த மதிப்பீட்டுக்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதன் முடிவு வரும் வரை புதிய பாடத்திட்டம் எதையும் வாங்காமல் இருப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும்.