ஊர்வன ஜீனோமில் ரிப்பீட்: எங்கே கோட்டை விடுகிறோம்?

ஒரு விலங்கின் ஜீனோம் (அதன் முழு டிஎன்ஏ வரிசை) வெளியானதும் பலரும் முதலில் தேடுவது ரிப்பீட் எத்தனை சதவீதம் என்பதைத்தான். திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏவை அந்த ஒற்றை எண்ணில் அடக்கப் பார்ப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

நியூசிலாந்தில் மட்டும் வாழும், பல்லி போன்ற ஊர்வனவான டுவாட்டாராவின் ஜீனோம் 2020இல் வெளியானது. அதில் ரிப்பீட் 64% என்றார்கள். 2011இல் வந்த பச்சை அனோல் பல்லிக்கு ஏறத்தாழ 30%. உடனே, "டுவாட்டாராவில் இரண்டு மடங்கு!" என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 64இல் சுமார் 31 மட்டுமே தாவும் ஜீன்கள் (ஜீனோமுக்குள் தானே இடம் மாறவோ பிரதியெடுத்துப் பரவவோ கூடிய டிஎன்ஏ); மீதி, சில பிரதிகளே உள்ள இரட்டிப்புத் துண்டுகள். அனோலின் 30% தாவும் ஜீன்களை மட்டும் எண்ணியது. ஒரே வகையை ஒரே வகையோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்!

சரியான ஒப்பீட்டுக்கும் ஓர் உதாரணம் உண்டு. பர்மிய மலைப்பாம்பையும் காப்பர்ஹெட் விரியனையும் 2011இல் ஒரே முறையில் அளந்தார்கள். ஜீனோம் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ரிப்பீட் முதலாவதில் 21%, இரண்டாவதில் 45%. இந்த வித்தியாசத்தை நம்பலாம்.

அடுத்தது, ஜீனோமைக் கோத்த விதத்தைப் பார்க்காமல் விடுவது. லைன் என்ற வகைத் தாவும் ஜீன் ஒன்றின் முழு நீளம் பல ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி). டிஎன்ஏவை 150 எழுத்துத் துண்டுகளாக வாசித்துக் கோத்தால், ஒரே மாதிரியான பல பிரதிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், அல்லது விடுபட்டே போகும். மனித ஜீனோமிலேயே, 2022இல் நீண்ட வாசிப்புகளால் முழுமையாக்கியபோது ஏறத்தாழ 20 கோடி எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன, பெரும்பாலும் ரிப்பீட்கள். ஆக, பழைய முறையில் கோத்த ஆமை ஜீனோமையும் புதிய முறையில் கோத்த பல்லி ஜீனோமையும் ஒப்பிட்டு, "பரிணாமத்தில் ரிப்பீட் பெருகியது" என்று சொன்னால், பெருகியது கருவியின் திறனாகவும் இருக்கலாம்.

அப்புறம் நூலகப் பிரச்சினை. ரிப்பீட்மாஸ்கர் போன்ற மென்பொருள், தன்னிடம் உள்ள மாதிரி வரிசைகளின் தொகுப்பை, அதாவது நூலகத்தை, வைத்துத்தான் ரிப்பீட்களைத் தேடும். பாலூட்டிகளுக்கான நூலகத்தைக் கொடுத்துப் பல்லியைத் தேடச் சொன்னால், பல்லிக்கே உரிய ரிப்பீட்கள் சத்தமில்லாமல் தப்பிவிடும். அந்த இனத்திலிருந்தே புதிதாக நூலகம் கட்ட வேண்டும். கட்டினாலும் அப்படியே நம்பக் கூடாது. வாசனை ஏற்பிகள் போன்ற பெரிய மரபணுக் குடும்பங்களும் 'அடிக்கடி வரும் வரிசை' என்பதால் உள்ளே புகுந்துவிடும். பிறகு, மரபணுக்களைத் தேடுவதற்கு முன் ரிப்பீட்களை மறைக்கும்போது நல்ல மரபணுக்களும் சேர்ந்து மறைந்துபோகும். மறைக்காமலே விட்டால் எதிர்ப்பக்கத் தவறு: தாவும் ஜீனின் நொதியெல்லாம் புது மரபணு என்று பட்டியலில் ஏறும். நூலகத்தைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வது சலிப்பான வேலைதான், ஆனாலும் அதற்குக் குறுக்குவழி கிடையாது.

பிரதிகள் அதிகம் என்றால் அது இன்னும் தாவுகிறது என்று நினைப்பதும் தவறு. மனிதனில் லைன்-1 சுமார் 5 லட்சம் பிரதிகள். இன்றும் தாவக்கூடியவை நூறு அளவில்தான். மற்றவை முறிந்தோ சிதைந்தோ கிடக்கின்றன. மூல வரிசையிலிருந்து ஒவ்வொரு பிரதியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் வயது தெரியும். அனோலில் பல வகைப் பிரதிகள் இளமையாகவே இருக்கின்றன. ஒன்றை மறக்கக் கூடாது: சி-க்குப் பின் ஜி வரும் இடங்கள் வேகமாக மாறுபவை. அதைத் திருத்திக் கணக்கிடாவிட்டால் இளம் பிரதிகூட கிழடாகத் தெரியும்.

ஜீனோம் பெரிது என்றால் உயிரி சிக்கலானது என்ற பழைய கதைக்கு அதிக இடம் வேண்டாம். ஃபுகு மீனுக்கு சுமார் 40 கோடி எழுத்துகள், நமக்கு 310 கோடி, ஆஸ்திரேலிய நுரையீரல் மீனுக்கு 4,300 கோடி. அவ்வளவுதான். 'ஊர்வன' என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு சராசரி எடுப்பதும் வீண். முதலைக்குப் பல்லியைவிடப் பறவைதான் நெருங்கிய சொந்தம். பறவைகளிலும் விதிவிலக்கு உண்டு: பெரும்பாலானவற்றில் ரிப்பீட் 10 சதவீதத்தை ஒட்டியிருக்க, மரங்கொத்திகளில் சிஆர்1 என்ற தாவும் ஜீன் பெருகி அது இரட்டிப்பாகியிருக்கிறது.

கடைசியாக, ரிப்பீட்டை வைத்து உறவு மரம் வரைவது. போவ்-பி என்ற தாவும் ஜீன் மாட்டிலும் இருக்கிறது, பாம்பு, பல்லிகளிலும் இருக்கிறது. அதை மட்டும் நம்பி மரம் வரைந்தால் மாட்டுக்குப் பாம்பு நெருங்கிய உறவு என்று வந்து நிற்கும். உண்மையில் அது பரம்பரையாக வராமல் இனம் விட்டு இனம் தாவியது. ஊர்வனவற்றைக் கடிக்கும் உண்ணிகளிலும் அது கிடைத்ததால் சந்தேகம் அவற்றின் மேல் விழுந்திருக்கிறது. இப்படி எதையாவது கண்டுபிடித்தால் துள்ளிக் குதிக்கும் முன், மாதிரியில் வேறு உயிரியின் டிஎன்ஏ கலந்துவிட்டதா என்று பாருங்கள். அந்தத் துண்டின் இருபுறமும் மாட்டின் சொந்த வரிசை தடையில்லாமல் தொடர்ந்தால்தான் தாவல் என்ற பேச்சையே எடுக்கலாம்.