அழைப்பு வந்துவிட்டது என்று ராஜினாமா எழுதும் முன்

ஊழியம், அதாவது கர்த்தர் அழைத்துச் செய்யச் சொல்லும் பணி, என்றதும் நம் சபை ஆட்களுக்குக் கண்ணில் வருவது ஒரு மைக். அப்புறம் வெள்ளைச் சட்டை, பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். முதல் தவறு இதுதான், மற்றதில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது. வேதத்தில் யாத்திராகமம் 31-இல் ‘தேவ ஆவியினால் நிரப்பினேன்’ என்று கர்த்தர் சொல்லும் பெசலெயேல் பிரசங்கியார் இல்லை. பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்தவன். யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் எடுத்துக் காட்டியது அவள் தைத்துக்கொடுத்த துணிகளை. அவள் வாய் திறந்து பேசியதாக வேதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பி.பி. பார்ப்பார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு “ஜெபத்துல விட்டுட்டேன்” என்று சொன்ன ஒரு தாத்தாவை அவர்கள் திட்டிய திட்டில், அவர் அன்று சாயங்காலமே மெடிக்கல் ஷாப்பில் நின்றார். “உங்க ஊழியம் பெரிசுக்கா” என்றேன். “அட போ தம்பி, ஊழியமெல்லாம் பாஸ்டர் ஐயருக்கு. நான் சும்மா இருக்க முடியாம பாக்கிறேன்” என்றார்கள். அந்தச் ‘சும்மா இருக்க முடியாம’தான் நான் பார்த்தவரை அழைப்புக்கு நல்ல அடையாளம்.

இதற்கு நேர் எதிரான தவறு, கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி நாள் ராத்திரி ‘முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன்’ என்று கையைத் தூக்கிவிட்டு, திங்கட்கிழமை வேலையை விடுவது. நானும் தூக்கியவன்தான், அப்போது 26 வயது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதியாயிற்று. “சரிடா, தங்கச்சி ஃபீஸை யார் கட்டுவா?” என்று அப்பா கேட்டார், சாத்தான்தான் அவர் வாயில் பேசுகிறான் என்று நான் மனதார நம்பினேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு 7-இல் இருக்கிறது, அதை யாரும் எனக்கு அன்று படித்துக்காட்டவில்லை. யோவான் ஸ்நானனிடம் ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்கள்) போர்ச்சேவகரும் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோதும், வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. அதிகமாக வசூலிக்காதே, மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு, அவ்வளவுதான். பேதுரு மாதிரி மீன்பிடி வலையை விட்டுவிட்டு வரச் சொல்லப்பட்டவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே வருகிறேன் என்று கெஞ்சிய லேகியோன்காரனை, அதாவது பிசாசுகளின் பிடியிலிருந்து அவர் விடுவித்தவனை, இயேசு வீட்டுக்குத்தான் அனுப்பினார்.

வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைக் குலுக்கி எடுத்து முடிவு பண்ணுவது, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பது, இதெல்லாம் வேண்டாமே. கிதியோனும் கர்த்தரிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைத் தரையில் போட்டானே என்பார்கள். அவனுக்கு ‘போ’ என்ற கட்டளை அதற்கு முன்பே வந்துவிட்டது. தோல் போட்டது தைரியம் பற்றாமல்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையை எல்லா சபையிலும் சொல்வார்கள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி, பிரசவத்தில் துடிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு மூன்று பேர் அடுத்தடுத்து அவரிடம் வந்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. கதை சொல்கிறவர் பெரும்பாலும் இங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுவார். அதற்கப்புறம் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் வாங்கித்தான் திரும்பி வந்தார், அப்புறம்தான் வேலூர். கண்ணீரோடு நிற்காமல் உடற்கூறியல் பரீட்சையும் எழுதினார். அழைப்பு இருந்தால் பயிற்சி தேவையில்லை என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

‘இது எனக்கும் கர்த்தருக்கும் நடுவில்’ என்று யாரிடமும் கேட்காமல் இருப்பது இன்னொன்று. பர்னபாவையும் சவுலையும் (பின்னாளில் பவுல்) ஊழியத்துக்கு அந்தியோகியா சபை உபவாசித்து, கைவைத்துத்தான் அனுப்பியது, அதுவும் அவர்கள் அங்கே ஒரு வருஷம் உபதேசித்ததைக் கூட இருந்து பார்த்த சபை. உங்களைப் புகழாத ஒருவரிடம் கேளுங்கள், மனைவியோ கணவரோ இருந்தால் அவர்களிடம் முதலில். ஆஸ்பத்திரி ஊழியம் என்று தோன்றுகிறதா, ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் வார்டுக்குப் போங்கள். மூன்றாவது வாரமே மழை, தலைவலி என்று சாக்கு வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

என் கடிதம் இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. இந்த சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக்கொடுக்க வேண்டும். ஆதார் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், போன தடவை மாதிரி ரேஷன் கார்டைக் கொண்டுவராமல் இருந்தால் சரி.