கோவையில் சீறிய வண்டி ஊட்டியில் திணறியது

மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண் தடத்தில் ஓட்டும் பைக் பந்தயம்) பழக, கோவையில் ஒரு பழைய கவாசாகி கேஎக்ஸ் 100 பைக் வாங்கினேன். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின், 99 சிசி. சாலையில் ஓட்டக்கூடாத வண்டி என்பதால் பிக்கப்பில் ஏற்றித்தான் ஊட்டிக்குக் கொண்டுவந்தேன்.

கோவையில் ஒரே உதையில் கிளம்பியது. இங்கே சித்தப்பாவின் தரிசு நிலத்தில் முறுக்கினால் வெறும் இருமலும் புகையும்தான். ஏமாந்துவிட்டோமோ என்று மனசே விட்டுப்போனது. மெக்கானிக் அண்ணன் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: முனை முழுக்க ஈரமான கரி.

"வண்டி மேல தப்பில்ல தம்பி, இங்க காத்து கம்மி."

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 20 சதவீதம் குறைவு. காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரோ பழையபடியே பெட்ரோலை விட்டுக்கொண்டிருந்தது. மிஞ்சிய பெட்ரோல் சரியாக எரியாமல்தான் அந்த ஈரக் கரி. பெட்ரோலைக் குறைக்க, கார்புரேட்டரில் சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) மாட்டினோம், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி கீழே இறங்கும்படி அதன் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினோம். ஏர் ஃபில்டர் ஃபோமையும் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவினோம். அப்புறம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பிளக் அழகான காபிப்பொடி நிறம், கலவை சரியாகிவிட்டது!

பழைய ஜெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சமவெளிக்கு இறக்கினால் அதைத் திரும்ப மாட்டியாக வேண்டும். இல்லையென்றால் பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் போதாமல் பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும்.