யானைக்குட்டி விளையாட்டைப் படமெடுக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

இலங்கையின் மின்னேரியாக் குளத்துக்கு யானை பார்க்க முதல் தடவை போய் வந்தபோது கேமராவில் 1,400 படங்கள் இருந்தன. தேறியது நான்கு. ஒரு குட்டி கொக்கைத் துரத்திக்கொண்டு ஓடி, கால் இடறிச் சேற்றில் குப்புற விழுந்தது. நான் சாரதியிடம் "இன்னும் கிட்டப் போங்க" என்றேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா பார்க்குது, சேர்" என்றார். நான் கேட்கவில்லை. ஜீப் கொஞ்சம் நகர்ந்ததுமே தாய் யானை குட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றது. இன்னும் இரண்டு பெண் யானைகள் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு நான் எடுத்ததெல்லாம் பின்புறங்கள்தான்.

மற்ற எல்லாத் தவறையும் வீட்டில் உட்கார்ந்து கொஞ்சமாவது சரி செய்யலாம். அதிகம் நெருங்கிப் போகும் இந்தத் தவறை மட்டும் முடியாது. குட்டிகள் விளையாடுவது பெரியவை நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும்போதுதான். தாய் புல்லைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டு உங்கள் பக்கம் தலையைத் தூக்கினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் பல நேரம் கூட்டமே மேய்ந்தபடி உங்கள் பக்கம் வரும். எஞ்சினை அணைப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு: ஜீப்பின் அதிர்வு படத்தில் ஏறாது.

எந்தக் காடு என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்துவிட்டுப் போவதும் தவறுதான். மகாசேன மன்னன் கட்டிய இந்தக் குளத்தைச் சுற்றியுள்ள பகுதி 1997இல் தேசியப் பூங்காவானது. வறண்ட மாதங்களில் நீர் வற்ற வற்றக் குளத்தின் படுகையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடித்தான் ஆகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. நல்ல வருடத்தில் இருநூறு, முந்நூறு வரை நிற்கும். ஆனால் குளத்தில் நீர் அதிகமாக நின்றால் புல் மூழ்கிவிடும், யானைகளும் வேறு பக்கம் போய்விடும். அதனால் பக்கத்து ஊரான ஹபரணையில் ஜீப் ஏறும்போது, "இன்றைக்கு மின்னேரியாவா, கவுடுல்லவா, ஹுருலுவா?" என்று அருகருகே உள்ள மூன்று காடுகளில் எது என்பதைச் சாரதியிடமே கேளுங்கள். நேற்று மாலை யானை எங்கே நின்றது என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்தது, எது விளையாட்டு என்று தெரியாமல் எடுப்பது. விளையாடும் குட்டியின் உடம்பு தளர்ந்திருக்கும். காது தொளதொளவென்று ஆடும், தும்பிக்கை கயிறு மாதிரி வீசும், ஓட்டத்தில் ஓர் ஒழுங்கே இருக்காது. படுத்திருக்கும் இன்னொரு குட்டியின் மேல் ஏறும், அது எழுந்தால் சரியும். இளம் ஆண் யானைகள் தும்பிக்கையைப் பின்னிக்கொண்டு நெற்றியோடு நெற்றி முட்டித் தள்ளும். பார்க்கச் சண்டை மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் பயிற்சிதான். காதை அகல விரித்து, தலையை நிமிர்த்தி, வாலை விறைப்பாக வைத்துக்கொண்டு உங்களையே பார்க்கும் யானை விளையாடவில்லை. எச்சரிக்கிறது. தும்பிக்கையை மேலே தூக்கி வளைத்து நிற்பதைப் போட்டுவிட்டு "ஹாய் சொல்றாரு" என்று எழுதுகிறார்கள். அது காற்றில் மோப்பம் பிடிக்கிறது. யாரை என்று கேட்டால், அநேகமாக உங்களைத்தான்.

சரி, கேமராவுக்கு வருவோம். நின்று மேயும் யானைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். அதே அமைப்பில் தண்ணீரில் புரளும் குட்டியை எடுத்தால் கண்ணும் கலங்கும், நீர்த்துளிகளும் கோடு கோடாக இழுபடும். 1/1000 நொடியை விட மெதுவாகப் போகாதீர்கள். துளிகள் உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/2000. மாலை வெளிச்சம் குறையும்போது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏறும், ஏறட்டும். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை ஓரளவு சுத்தம் செய்யலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்தாலும் நிமிர்த்த முடியாது.

வெளிச்சத்தில் யானை கேமராவை நன்றாக ஏமாற்றும். நனைந்த யானை கிட்டத்தட்டக் கறுப்பு. அது படச் சட்டத்தை நிறைத்தால் கேமரா "இருட்டாக இருக்கிறதே" என்று எண்ணி எல்லாவற்றையும் வெளுப்பாக்கும். முதுகில் நிற்கும் கொக்கு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். அப்போது கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை அரை ஸ்டாப்புக்கு மேல் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). பின்னால் குளத்து நீர் வெள்ளியாய் மின்னினால் கதை தலைகீழ். யானை நிழலுருவாகிவிடும், ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டியிருக்கும். ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக, எடுத்தால் பிறகு திருத்தித் தப்பிக்க இடம் உண்டு.

பெரிய லென்ஸ் மோகமும் ஒரு பொறி. 600 மில்லிமீட்டர் லென்ஸில் குட்டியின் முகம் மட்டும் வரும், வால் நுனியும் பாதமும் வெட்டுப்படும். குட்டி எவ்வளவு சின்னது என்பதைச் சொல்வது பக்கத்தில் தூண் மாதிரி நிற்கும் தாயின் கால்கள்தான். ஒரு வயதுக்குட்பட்ட குட்டி பொதுவாகத் தாயின் வயிற்றுக்கடியில் நிமிர்ந்தபடியே புகுந்து போகும். அந்த அளவு தெரியாத படத்தில் அது ஏதோ ஒரு யானை, அவ்வளவுதான். 100-400 மாதிரியான ஜூம் இங்கே அதிகம் உழைக்கும். இரண்டு குட்டிகள் கட்டிப் புரளும்போது லென்ஸ் துளையை அகலத் திறந்து எஃப் 2.8இல் எடுத்தால் ஒன்றின் கண்தான் தெளியும். துளையைச் சுருக்கி எஃப் 8 பக்கம் போங்கள். கேமரா தானாகக் கண்ணைத் தேடும் வசதியையும் முழுக்க நம்ப வேண்டாம். சேறு அப்பிய குட்டியின் கண்ணை விட்டுவிட்டுத் தோல் மடிப்பில் போய் அது பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம், ஜீப்பில் எழுந்து நின்று கீழ்நோக்கி எடுத்தால் யானைகூட ஆட்டுக்குட்டி மாதிரித் தெரியும். இருக்கையில் உட்கார்ந்து, கதவு விளிம்பில் துணிப்பையை வைத்து எடுங்கள். இன்னும் தாழ வேண்டும் என்று ஜீப்பை விட்டு இறங்குவது மட்டும் கூடாது. பூங்காவில் அதற்கு அனுமதி இல்லை, தாய் யானையிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்து லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளைத் திறந்த பிறகு வேறு வகைத் தவறுகள் தொடங்கும். யானை சாம்பல் நிறம்தானே என்று படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸின் சொட்டுக்கருவியை அதன் தோலில் வைத்து அழுத்துவோம். ஆனால் நாம் பார்க்கும் நிறத்தில் பாதி அது பூசிக்கொண்ட மண்ணின் நிறம். அந்தச் செம்பழுப்பைச் சாம்பலாக்கச் சொன்னால் மென்பொருள் புல், தண்ணீர், வானம் எல்லாவற்றையும் நீலத்துக்குத் தள்ளிவிடும். மாலை 5 மணி வெயில் மஞ்சளாகத்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கையால் நகர்த்துவதே நல்லது.

விவரத்தைக் கூர்மையாக்கும் கிளாரிட்டி, மங்கலை நீக்கும் டீஹேஸ் இரண்டையும் வலது ஓரம் வரை இழுத்தால் யானைத் தோல் பழைய தகரம் மாதிரி ஆகும், முதுகைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும். குட்டியின் தலையிலும் முதுகிலும் பூனைமயிர் போல நிற்கும் மெல்லிய முடிதான் எதிர்வெயிலில் மின்னி அதைக் குட்டியாகக் காட்டுவது. படத்தின் புள்ளிகளை, அதாவது இரைச்சலை, நீக்கும் கருவியை அளவுக்கு மீறிப் போட்டால் முதலில் வழித்தெடுக்கப்படுவதும் அதுதான்.

ஒரு நண்பர் அனுப்பிய படத்தில் வளர்ந்த பெண் யானையின் காதும் தும்பிக்கையும் ஒரே சீரான சாம்பலாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். "ரோஸ் கலரில் திட்டுத் திட்டாக ஏதோ நோய் மாதிரி இருந்தது, ஹீல் பண்ணிவிட்டேன்" என்றார். நோயில்லை. இலங்கை யானைகளுக்குக் காது, முகம், தும்பிக்கை எல்லாம் தேமல் போல நிறமி குறைந்து இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. வயது ஏற ஏற அது கூடும். அந்தத் திட்டுகளையும் காது விளிம்பின் கிழிசல்களையும் வைத்துத்தான் ஒரு யானையை இன்னொன்றிலிருந்து அடையாளம் காண்கிறார்கள். நண்பர் தேமலை அழித்ததில் அந்த யானையின் முகவரியே போய்விட்டது.

அழிப்பானை எடுக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். மூலையில் நீட்டியிருக்கும் ஒரு மரக்கிளையை எடுப்பது வேறு. குட்டிக்குப் பின்னால் நிற்கும் மூன்றாவது யானையை எடுத்துவிட்டு, தண்ணீரில் அதன் பிரதிபலிப்பை மறந்துவிடுவது வேறு. இயற்கைப் படப் போட்டிகள் பல முதலாவதையே ஏற்பதில்லை, இரண்டாவதைக் கேட்கவே வேண்டாம். மூல ஃபைலைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். படம் சரிந்திருந்தால் ஜீப் சாய்ந்து நின்றிருக்கும். குளத்து நீரின் மறுகரைக் கோட்டை வைத்து நேராக்கினால் போதும்.

கடைசியாக, பதிவேற்றும் முன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள், முக்கியமாகக் கொம்பன் யானை படத்தில் இருந்தால். இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது. அந்தக் கொம்பன் எந்தக் கரையில், எந்த நாளில் நின்றது என்பது படம் பார்ப்பவர் யாருக்கும் தேவையில்லை. தேவைப்படுகிற தந்த வேட்டைக்காரருக்குத் தெரியவும் கூடாது.