கூலிக்குக் கோடிங், சொந்தத்துக்குச் செயலி: இரண்டையும் கலக்காமல் நடத்தும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் இருந்தபடியே ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆட்களுக்கு சிஸ்டம் செய்து கொடுப்பவள் நான். கூடவே சொந்தமாக ஒரு செயலியும் ஓடுகிறது. சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைப் பழம் வாங்கி மில்லுக்கு ஏற்றும் லோரிக்காரர்களுக்கான கணக்குச் செயலி அது. இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று விசாரிக்கும் தம்பி தங்கைகள் எல்லாரும் நேரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். நேரத்தை எப்படியாவது ஒதுக்கிவிடலாம். கூலிக்குச் செய்யும் வேலை உங்கள் செயலியை விழுங்கிவிடுவதும், உங்கள் செயலியே ஒருநாள் கூலி வேலையாக மாறிவிடுவதும்தான் ஆபத்து. அந்த இரண்டு ஓட்டையையும் முதலில் அடைத்துவிடுங்கள்.

முதல் ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 26-ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். கணினி நிரலும் அந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு வகையில்தான் வருகிறது. அமெரிக்காவில் பொதுவாக இதற்கு நேர்மாறு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை தனியாள் எழுதிய நிரல் அவருடையது. அதனால் அங்கிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘நான் எழுதியது என்னுடையதுதானே’ என்று இங்கே இருக்க முடியாது. ஒரு தவ்கேவுக்கு (முதலாளிக்கு) நீங்கள் செய்துகொடுத்த ரசீது அச்சடிக்கும் பகுதியை அப்படியே தூக்கி உங்கள் செயலியில் வைத்தால், அது அவருடைய பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாற்று மருந்து ஒரு பத்திதான். என் கொட்டேஷன் ஒவ்வொன்றிலும் இது இருக்கும்: ‘இந்த வேலைக்கு முன்பே என்னிடம் இருந்த நிரல்களும், பல வேலைகளுக்குப் பொதுவான பகுதிகளும் என்னுடையவை. அவற்றை இந்த சிஸ்டத்தில் காலவரம்பின்றிப் பயன்படுத்த உங்களுக்கு உரிமம் உண்டு. உங்களுக்கென்றே எழுதியவை, கடைசிப் பணம் கைக்கு வந்த அன்று உங்களுடையவை.’ பெரும்பாலான சின்ன முதலாளிகள் இதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. “சிஸ்டம் ஓடுமா, நாளைக்கு நீ இல்லேன்னா வேற ஆளு பார்க்க முடியுமா?” இவ்வளவுதான் அவர்கள் கவலை. இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்தால் கையெழுத்து வந்துவிடும். சிங்கப்பூர் வாடிக்கையாளர் என்றால் எந்த நாட்டுச் சட்டப்படி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனம் தன் சொந்த ஒப்பந்தத்தை நீட்டி, ‘எல்லாம் எங்களுடையது’ என்றால், அந்த வேலையில் உங்கள் பொதுப் பகுதிகளைத் தொடாமல், புதிதாக எழுதி, அதற்கேற்ற விலை போடுங்கள்.

காகிதத்தில் பிரித்ததைக் கணினியிலும் பிரிக்க வேண்டும். நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் வாடிக்கையாளர் வேலைக்கு ஒரு கணக்கு, செயலிக்கு இன்னொன்று. சர்வர், மின்னஞ்சல் எல்லாம் தனித்தனி. பொதுப் பகுதிகளைத் தனி ரிப்போசிட்டரியில் (நிரல் கிடங்கில்) வைத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடும் எம்ஐடி உரிமத்தில் முன்கூட்டியே வெளியிட்டுவிடுவது இன்னும் சுத்தம். எப்போது எழுதியது என்பதற்கு கமிட் தேதிகள், அதாவது நிரலை அங்கே பதிந்த நாள்கள், கைகொடுக்கும். எங்கேயாவது மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குத்தான் போகும்.

இரண்டாவது ஓட்டை சட்டத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. மில் தராசில் லோரி ஏறும்போது ஒரு எடை, பழத்தைக் கொட்டிவிட்டு வெளியே வரும்போது ஒரு எடை. கழித்து வருவது பழத்தின் எடை. பழுக்காத குலை, நீளக் காம்பு என்று மில்காரர் அதிலிருந்து கொஞ்சம் பிடித்துக்கொள்வார். ஒரே லோரியில் ஐந்தாறு தோட்டத்துப் பழம் கலந்து போயிருக்கும். அந்தப் பிடித்தத்தை யார் தலையில் போடுவது? ஒரு அண்ணன் எடைக்குத் தக்கபடி எல்லாருக்கும் பங்கு போடுவார். இன்னொருவர் தானே தாங்கிக்கொண்டு வாங்கும் விலையில் குறைத்துவிடுவார். மூன்றாமவர் குலைகளைக் கண்ணால் பார்த்தே, இது யார் வெட்டியது என்று சொல்லி அவர் கணக்கில் எழுதுவார். மூன்று பேரும் ஒரே செயலியைத்தான் வைத்திருக்கிறார்கள், மூன்று பேரிடமிருந்தும் இதே போன் வரும்: “தங்கச்சி, எனக்கு மட்டும் இதை வேற மாதிரி போட்டுக் குடும்மா. ஒரு பட்டன்தானே?”

ஆளுக்கு ஒரு பட்டன் என்று போட்டுக்கொண்டே போனால், கொஞ்ச நாளில் மூன்று செயலியைப் பராமரித்துக்கொண்டு ஒன்றுக்கான பணத்தை வாங்குவீர்கள். நான் பார்ப்பது இதுதான்: கேட்பது வெறும் எண்ணிலோ கணக்குப் போடும் முறையிலோ உள்ள வித்தியாசம் என்றால், அதை செட்டிங்கில் எல்லாருக்கும் தெரிவாக வைத்துவிடுவேன். பங்கு போடுவதும் விலையில் குறைப்பதும் அப்படித்தான் உள்ளே வந்தன. யார் வெட்டிய குலை என்று படம் பிடித்துத் தனிக் கணக்கு வைப்பது வேறு ஒரு செயலியே, அதற்கு என் பதில், “அண்ணே, இன்னும் ரெண்டு பேரு இதையே கேட்டா எல்லாருக்கும் வர்ற மாதிரி போடறேன். உங்களுக்கு மட்டும்னா அது தனி வேலை, தனி விலை. எழுதி அனுப்பவா?” பெரும்பாலும் அனுப்ப வேண்டி வராது.

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபம். இங்கே கேட்பவர் கோயில் நிர்வாகத்தில் இருப்பார், அல்லது அப்பாவோடு ஒரே தோட்ட டிவிஷனில் வேலை செய்தவராக இருப்பார். முகத்தை முறித்துக்கொள்ள முடியாது. உறவுக்காக விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் விலையில் விட்டுக்கொடுங்கள், வசதியில் வேண்டாம். மாதம் 60 வெள்ளிக் (ரிங்கிட்) கட்டணத்தை 45 ஆக்கினால் நட்டம் 15 வெள்ளியோடு முடிந்தது. ஒருவருக்காகச் சேர்த்த வசதியை நீங்கள் இருக்கும்வரை தூக்கிச் சுமக்க வேண்டும்.

நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். செயலிக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கும், அதைக் கண்டுபிடித்து வாடிக்கையாளர் வேலையை அதைச் சுற்றி வையுங்கள். என் லோரிக்காரர்கள் மாத ஆரம்பத்தில்தான் போன மாதக் கணக்கை முடித்துப் பணம் பட்டுவாடா செய்வார்கள். உர முன்பணத்தைக் கழிப்பது, தோட்டக்காரரின் எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) லைசென்ஸ் எண்ணைச் சரிபார்ப்பது என்று போன் விடாமல் அடிக்கும். அந்த வாரத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் நான் கெடு வைப்பதில்லை. மற்ற நாள்களில், அப்பா காலத்துப் பெரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும்) நேரமான விடியற்காலை செயலிக்கு. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) முதல் செய்தி வருவதற்குள் அன்றைய சொந்த வேலை முடிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் வேலை கத்திக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சொந்தச் செயலிக்கு வாய் கிடையாது.

பணத்துக்கு வருவோம். மறுநடவு செய்த நிலத்தில் செம்பனை காய்க்க ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும், அதுவரை நடுவில் வாழை போட்டுச் சாப்பிடுவார்கள். மட்டைகள் விரிந்து நிழல் கூடினால் வாழை தானாக ஒதுங்கும். வாடிக்கையாளர் வேலையை நான் வைத்திருப்பதும் அப்படித்தான். வீட்டுச் செலவு மாதம் 2,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 60 வெள்ளிச் செயலிக்கு 42 பேர் வேண்டும். பழைய வாடிக்கையாளர்களிடம் பராமரிப்பு ஒப்பந்தமாக மாதம் 800 வருகிறதென்றால் 29 பேர் போதும். அதனால் புதுப் புராஜெக்ட் தேடி ஓடுவதைவிட, முடித்துக் கொடுத்த சிஸ்டங்களுக்குப் பராமரிப்பு வாங்குவதுதான் செயலிக்கு நேரம் வாங்கித் தரும். புது வேலையா, பாதி முன்பணம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அவசரமும் வேண்டாம். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப் 2001-இல் ஒரு வெப்டிசைன் நிறுவனத்தின் பக்க வேலையாகத் தொடங்கியது; வாடிக்கையாளர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அதில் இறங்கியது 2007-இல்தான். 2021-இல் கணக்கு மென்பொருள் நிறுவனமான இன்டுயிட் அதை ஏறக்குறைய 1,200 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புராஜெக்ட் வேலைகளை ஒழுங்குபடுத்தும் செயலியான பேஸ்கேம்ப்பும் 2004-இல் ஒரு வெப்டிசைன் நிறுவனம் தன் சொந்த வேலைக்காகச் செய்துகொண்டதுதான். இரண்டுமே வாடிக்கையாளர் வேலையில் பார்த்த தேவையிலிருந்து வந்தவை. ஆகவே எந்த வேலையை ஏற்பது என்று குழம்பினால், உங்கள் செயலியை வாங்கக்கூடிய ஆட்கள் உலவும் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பழம் வாங்கும் மையத்துக்குச் செய்யும் சின்ன எக்செல் வேலை, ஈப்போ அழகு நிலைய வெப்சைட்டைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு, சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள். வருமான வரிக்கு பாரம் பி, கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். சம்பளமில்லாத நமக்கு இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமநிதி) தானாகப் போகாது, சுயதொழில்காரர்களுக்கான அதன் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்து போடுங்கள். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு திறப்பவர்கள், வெளியிடுவதற்கு முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். சொந்தக்காரர்களைப் பிடித்துப் போடாமல் நிஜ லோரிக்காரர்களையே சேர்த்துவிடுங்கள், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

செயலி வருமானம் ஒரு வாடிக்கையாளர் தருவதற்குச் சமமாகிவிட்டால், ஒரே ஒருவரை விடுங்கள். பணம் குறைவாகத் தருபவரை இல்லை, அடிக்கடி போன் செய்பவரை. இரண்டு மாதம் முன்பே சொல்லி, கடவுச்சொற்கள், டொமைன், டேட்டாபேஸ் பேக்கப் எல்லாவற்றையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்து, தெலுக் இந்தானில் புதிதாகத் தொடங்கியிருக்கும் தம்பி யாரையாவது கை காட்டிவிட்டு வாருங்கள்.